வேலி பயிரை மேயும் நோய்கள்

1950ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், நத்தார்ப் பண்டிகையைத் தாயோடு கழிக்கும் பொருட்டு, ஓர் இளம் பெண் எழுத்தாளர் அமெரிக்காவின் வடபுலத்திலிருந்து தெற்கேயுள்ள ஜோர்ஜியா மாநிலத்துக்குப் புகைவண்டியிற் புறப்பட்டார். அவர் பெயர் ஃபிளானரி ஓகொனர். வயது 25. முதல் நாவலின் கைப்பிரதி ஏறக்குறைய முடிந்திருந்தது. சில வாரங்களாகவே அவருடைய தோள்களிலும் கைகளிலும் பாரமும் நோவும் இருந்தன; தட்டச்சுப் பொறியின் முன் கையைத் தூக்கி வைப்பதே கடினமாயிருந்தது. பயணத்தின் போது காய்ச்சல் மூண்டது. ஊரில் இறங்கியபோது, புறப்பட்ட இளம் பெண் ஒரு கிழவி போலத் தளர்ந்து போயிருந்தார்.

ஊர் வைத்தியசாலையில் அது கடுமையான முடக்குவாதம் எனக் கூறப்பட்டது. பின்னர் அற்லாந்தா நகரத்து வைத்தியர் ஒருவரே உண்மையான நோயை ஐயுற்று, தம்மிடம் வரவழைத்து, அது லூப்பஸ் என்று துணிந்தார். தாயிடம் அதைச் சொன்னார்கள். தாயோ மகளிடம் சொல்லவில்லை. காரணம் இல்லாமல் அன்று. ஃபிளானரியின் தந்தை 1941இல் உயிர் துறந்தது இதே நோயினால். அப்பொழுது மகளுக்கு வயது 15. அந்தப் பெயரைக் கேட்டால் மகள் மனம் உடைந்துவிடுவாள் என்று தாய் அஞ்சினார். ஆகவே ஓராண்டுக்கு மேலாக, தம் உடலிலுள்ள நோய் முடக்குவாதம் என்று நம்பியே அவர் ஊசி ஏற்றிக்கொண்டார். 1952ஆம் ஆண்டின் கோடையிலே ஒரு தோழி வாய் திறந்து சொன்ன பின்னரே உண்மை அவருக்குத் தெரிய வந்தது.

ஒரு நோய் மற்றொரு நோயின் பெயரில் மறைந்து வாழ்வது இந்நோய்க் குடும்பத்தின் இயல்பு. லூப்பஸ் மாத்திரமன்று, முடக்குவாதம், தோல் தடித்து இறுகும் ஸ்கிளீரோடேர்மா, கண்ணும் வாயும் வறளும் ஷோக்ரன் நோய், தசை அழற்சி என்பனவெல்லாம் ஒரே குடும்பத்தவை. இவற்றைத் தொடுப்பிழைய நோய்கள் என்பர்.

தொடுப்பிழையம் என்பது யாது? கல்வீடு ஒன்றிலே கல்லைக் கல்லோடு பிணைத்து நிற்பது சாந்து. உடலாகிய வீட்டிலும் அத்தகைய சாந்து உண்டு. தோலின் அடிப்படை, குருத்தெலும்பு, தசைநாண், மூட்டுகளின் உறை, குருதிக்குழாய்களின் சுவர், உறுப்புகளைப் போர்த்தும் மென்படலம் யாவும் அதனால் ஆனவையே. அதன் முதன்மைப் பொருள் கொலாஜன் எனும் புரதம். உடலின் மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இதுவே. நியூயோர்க் நகரத்திலே பிணப்பரிசோதனைகளை ஆராய்ந்துவந்த கிளெம்பரர் என்பார், லூப்பஸ் நோயாளரின் உடலெங்கும் இந்தச் சாந்து பழுதுற்றிருப்பதைக் கண்டு, 1942இல் இத்தகைய நோய்களைக் கொலாஜன் நோய்கள் எனத் தொகுத்துப் பெயரிட்டார். பிற்காலத்தில், கொலாஜன் குற்றவாளி அன்று, பெரும்பாலும் அடி வாங்கும் இடமே அது எனத் தெரிய வந்தது. ஆயினும் பெயர் சற்றே மாறித் தொடுப்பிழையம் என்று நிலைத்துவிட்டது. வைத்திய சாத்திரத்திலே பிழையான பெயர்கள் பிழை திருந்திய பின்னும் நீண்ட காலம் வாழும்.

அடிப்பவன் யார்? இக்கேள்விக்கு விடை காண அறிவுலகம் நெடுங்காலம் தயங்கியது. நுண்ணங்கிகள் உடலிற் புகும்போது அவற்றைப் பற்றிப் பிடித்து அழிப்பதற்கென்று குருதியிலே வெண்கலங்கள் உண்டு. அவை ஆக்கி அனுப்பும் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களும் உண்டு. பிறபொருள் எது, தன்பொருள் எது எனப் பிரித்தறிவதே இக்காவலின் உயிர்நிலை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக் ஆடுகளில் ஆராய்ச்சி செய்தார். ஓர் ஆட்டுக்கு வேறோர் ஆட்டின் குருதியை ஏற்றினால் அதற்கு எதிரி பிறந்தது. அதன் சொந்தக் குருதிக்கு எதிரி பிறக்கவில்லை. தன்னையே நஞ்சூட்டுவதற்கு உடல் அஞ்சும் என அவர் ஒரு விதி வகுத்தார். அவ்விதி மெய்தான். ஆனால் அஞ்சுவது வேறு, ஒருபோதும் செய்யாதிருப்பது வேறு. ஏர்லிக்கின் வழிவந்தோர் இவ்வேறுபாட்டை மறந்து, உடல் தன்னைத் தாக்கவே மாட்டாது என ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம்பியிருந்தனர். 1950களிற்றான் அந்நம்பிக்கை தகர்ந்தது. வேலியே பயிரை மேயும் என்பது ஆய்வுகூடத்திலே நிறுவப்பட்டது.

லூப்பஸ் நோயில் இந்த மேய்ச்சல் விந்தையானது. நோயாளரின் பிறபொருளெதிரிகள் அவருடைய கலங்களின் கருவிலுள்ள பொருள்களையே பகையெனக் கொள்கின்றன. எதிரியும் பொருளும் ஒட்டிய சேர்மங்கள் குருதியோடு மிதந்து சென்று, நுண்ணிய வடிகட்டிகளிலே படிகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 இலட்சம் வடிகட்டிகள் உண்டு. ஆதலின் படிவதற்கு இடம் நிரம்ப உண்டு. படிந்த இடத்தில் அழற்சி மூள்கிறது. நோவு தராமலே சிறுநீரகம் கெடுகிறது.

இது ஏன் நேர்கிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் இல்லை. பரம்பரைக்குப் பங்குண்டு, ஆனால் அது முழுப்பங்கன்று. உருவொத்த இரட்டையருள் ஒருவருக்கு லூப்பஸ் வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நாலிலொரு பங்குதான். லூப்பஸ் நோயாளர் பதின்மருள் ஒன்பதின்மர் பெண்கள். அவருட் பெரும்பாலோர் பிள்ளைப்பேற்று வயதினர். வெயில் நோயைத் தூண்டும். புகைத்தல் முடக்குவாதத்துக்கு வழிகோலும். காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோனியசிட் போன்ற சில மருந்துகள் லூப்பஸ் போன்ற ஒரு தோற்றத்தை உண்டாக்கி, மருந்தை நிறுத்தியதும் மறைவதுண்டு. இந்நோய்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவன அல்ல. இதனைச் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆயினும் முகத்திற் செம்படை படர்ந்த ஒரு பெண்ணுக்கு அயலார் தனிப் பாத்திரம் வைப்பதைக் கண்டவர்களுக்கு, அதைச் சொல்ல வேண்டியதன் அவசியம் விளங்கும்.

முகச்செம்மையைக் கொண்டுதான் லூப்பஸ் பெயர் பெற்றது. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ஓநாய் என்பது பொருள். முகத்தை அரிக்கும் புண்கள் ஓநாய் கடித்த வடுப்போலத் தோன்றியமையால் இடைக்கால வைத்தியர் அவ்வாறு அழைத்தனர். 1840களில் வியன்னா நகரத்து ஹெப்ரா என்பார், மூக்கின் மேலும் இரு கன்னங்களிலும் படரும் இச்செம்மையை வண்ணத்துப்பூச்சிக்கு ஒப்பிட்டார். அவர் மாணாக்கராகிய கப்போசி, இது தோலோடு நில்லாது உட்புறத்தையும் தாக்கும் என 1872இல் எழுதினார். தோலிற் குறியே இன்றியும் உட்புறத்தைத் தாக்கும் என்பது பின்னரே தெரிந்தது. வண்ணத்துப்பூச்சிக்காகக் காத்திருக்கும் வைத்தியர் பல நோயாளரைத் தவறவிடுவர்.

ஏனைய நோய்களுக்கும் தத்தம் முகங்கள் உண்டு. முடக்குவாதம் கைவிரல் மூட்டுகளிலே தொடங்கும். காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேலாக விரல்கள் மடங்கா. தசை அழற்சியுற்றவர் படியேறவும் தலைவாரக் கையைத் தூக்கவும் இயலாது வருந்துவர். ஷோக்ரன் என்பவர் சுவீடன் நாட்டுக் கண் வைத்தியர். கண்ணீரும் உமிழ்நீரும் வற்றிப்போன பெண்களைப் பற்றி 1933இல் ஆராய்ச்சி நூல் எழுதினார். ஸ்கிளீரோடேர்மா நோயில், தோல் இறுகுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே, குளிர் பட்டதும் விரல்கள் வெளுத்து, நீலித்து, பின்பு சிவக்கும். இதனை முதலில் விரித்துரைத்தவர் பிரெஞ்சு வைத்தியர் ரேனோ, ஆண்டு 1862. நுவரெலியாவின் காலைக் குளிரில் விரல் வெளுப்பவர் எல்லோரும் நோயாளர் அல்லர். பெரும்பாலோருக்கு அது வெறும் உடல்வாகுதான். ஆனால் முப்பது வயதுக்குப் பின் புதிதாகத் தொடங்கி, விரல் நுனியிற் புண்ணும் வருமாயின் வைத்தியரிடம் காட்டல் வேண்டும். ஒரே நோயாளரிடம் இரண்டு மூன்று முகங்கள் கலந்து தோன்றுவதும் உண்டு. அத்தகைய கலப்பு நோய் ஒன்றை ஷார்ப் என்பவர் 1972இல் விவரித்தார்.

இனி, நோயை அறிவது எங்ஙனம் என்பது. பலர் ஒரு குருதிப் பரிசோதனை எல்லாவற்றையும் சொல்லிவிடும் என எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் நோயாளருக்குப் பெருந்தீங்கு செய்வது.

1948இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்திலே ஹார்கிரேவ்ஸ் என்பாரும் துணைவரும் நோயாளரின் எலும்புமச்சையை நுணுக்குக்காட்டியில் நோக்கியபோது, ஒரு வெண்கலம் வேறொரு கலத்தின் கருவை விழுங்கி வைத்திருப்பதைக் கண்டனர். லூப்பஸுக்கு முதன்முதலாகக் கிடைத்த ஆய்வுகூடச் சான்று அதுவே. 1957 அளவில் அதனினும் நுட்பமான முறை வந்தது. நோயாளரின் குருதியிலிருந்து பிரித்த தெளிந்த நீரை 40 மடங்கு, 80 மடங்கு எனப் படிப்படியாக நீர்த்து, கண்ணாடித் தகட்டிற் பதித்த கலங்களின் மேல் விடுவர். கருவுக்கு எதிரான எதிரிகள் இருந்தால் அவை கருவிலே ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் ஏற்றிய வேறொரு பொருளால் அவற்றைத் தொட்டால், இருளிலே கருக்கள் பச்சையாகச் சுடர்விடும். கருவெதிரிப் பரிசோதனை எனப்படும் இதுவே இன்றும் வழக்கிலுள்ள முதற்சோதனை.

லூப்பஸ் உடையவருள் ஏறக்குறைய எல்லோரிடத்தும் கரு ஒளிரும். ஆகவே ஒளிராவிடில் லூப்பஸ் இல்லை எனப் பெரும்பாலும் கூறலாம். ஆனால் ஒளிர்ந்தால்? 1997இல் பல நாட்டு ஆய்வுகூடங்கள் கூடி நோயற்றவரின் குருதியைச் சோதித்தபோது, 40 மடங்கு நீர்த்த நிலையில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரிடமும், 80 மடங்கில் 13 பேரிடமும், 160 மடங்கிலும் 5 பேரிடமும் கரு ஒளிர்ந்தது! சோதனைத் தாளில் ஒரு சொல்லைக் கண்டு உறக்கமிழக்கும் குடும்பத்தினர் இந்தக் கணக்கை அறிதல் நன்று. முடக்குவாதக் காரணி எனப்படும் சோதனையும் இத்தகையதே; முதியவர்களிடமும் நீடித்த தொற்றுடையாரிடமும் நோயின்றியே தோன்றும். ஆதலின் வைத்தியர் முதலில் நோயாளர் கூறுவதைக் கேட்டு, உடலைத் தொட்டுப் பார்த்து, ஐயம் எழுந்த பின்னரே இச்சோதனைகளை நாடல் வேண்டும். இரட்டைவட டி.என்.ஏ.க்கு எதிரான எதிரி முதலிய, லூப்பஸுக்கே பெரிதும் உரிய சான்றுகளைத் தேடுவது அடுத்த படி. 2019இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் வல்லுநர் சங்கங்கள் சேர்ந்து வகுத்த அளவுகோலிலும் கருவொளிர்வு வாயிற்படி மாத்திரமே. அதன் பின்னர் தோல், மூட்டு, சிறுநீரகம், குருதி என ஒவ்வொன்றுக்கும் புள்ளியிட்டு, பத்தாவது சேர்ந்தாலே லூப்பஸ் என வகைப்படுத்துவர்.

விலை மலிந்த ஒரு சோதனை இவை எல்லாவற்றினும் மேலானது. அது சிறுநீர்ச் சோதனை. சிறுநீரிற் புரதமும் குருதியும் கலந்திருப்பதைக் கிராமத்து வைத்தியசாலையிலும் அறியலாம். குருதி அழுத்தத்தையும் அங்கேயே அளக்கலாம். ஐயமிருப்பின் பெரிய வைத்தியசாலையில் ஊசியாற் சிறுநீரகத் துணுக்கு எடுத்து நுணுக்குக்காட்டியில் ஆராய்வர்.

இலங்கை போன்ற நாட்டிலே வேறொரு சிக்கலும் உண்டு. காய்ச்சலும் குருதிச் சிறுதட்டுக் குறைவும் கண்டால் டெங்கு நினைவுக்கு வரும். 2006இல் சிக்கன்குன்யா பரவியபோது மாதக்கணக்கில் மூட்டு வீங்கி வருந்தினோர் பலர். நாட்பட்ட காய்ச்சலுக்கும் உடல் மெலிவுக்கும் காசநோய் உண்டு. தோற்படைக்குத் தொழுநோய் உண்டு. இவற்றை முதலில் நினைப்பது தவறன்று, அதுவே முறை. வாரங்கள் கழிந்தும் குறி மாறாதபோது வேறொன்றை நினையாதிருப்பதே தவறு.

பிழையான சோதனையாற் பெண்கள் பட்ட மானக்கேடு ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. மேகநோயைக் கண்டறியும் பழைய குருதிச் சோதனை, மாட்டின் இருதயத்திலிருந்து எடுத்த ஒரு கொழுப்புப் பொருளைக் கொண்டு நடத்தப்படுவது. லூப்பஸ் உடையார் சிலரின் எதிரிகள் அக்கொழுப்போடும் ஒட்டுவதால், குற்றமற்ற பெண்ணின் தலையிலும் அந்நோயின் பெயர் விழுந்தது. 1950களிலே இப்பொய்ச் சான்று தனியே ஆராயப்பட்டது. 1983இல் இலண்டன் வைத்தியர் ஹியூஸ், இத்தகைய எதிரிகள் உடையாருக்குக் குருதி கட்டியாதலும் கரு மீண்டும் மீண்டும் சிதைதலும் நேர்வதை எடுத்துக் காட்டினார். இன்று அவர்களுக்குக் கருக்காலத்திலே சிற்றளவு அஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுக்கப்படுகின்றன; பலர் பிள்ளை பெற்று மகிழ்கின்றனர்.

சிகிச்சையின் வரலாறு மேயோ நிலையத்திலேயே தொடங்குகிறது. அங்கிருந்த பிலிப் ஹெஞ்ச், முடக்குவாதமுடையார் கருவுற்ற காலத்திலும் மஞ்சட்காமாலை கண்ட காலத்திலும் நோவு நீங்கி இருப்பதை ஆண்டுக்கணக்காகக் கவனித்து வந்தார். உடலுக்குள்ளேயே ஒரு மருந்து இருத்தல் வேண்டும் என்பது அவர் ஊகம். 1948 செப்டெம்பரில், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிக்குரிய கோட்டிசோன் என்னும் பொருளை, எழுந்து நடக்க இயலாதிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு ஏற்றினார். ஒரு வாரத்துக்குள் அப்பெண் நகரக் கடைத்தெருவுக்கு நடந்து சென்று பொருள் வாங்கித் திரும்பினார். இரண்டே ஆண்டுகளில் ஹெஞ்சுக்கும், அவரோடு கெண்டல், ரைக்ஸ்ரைன் என்பாருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஃபிளானரி ஓகொனர் அடுத்த ஆண்டே இம்மருந்தினத்தைப் பெற்றார்; கோட்டிசோனைச் சுரக்கத் தூண்டும் ஓமோன் அவருக்கு ஏற்றப்பட்டது. உயிர் மீண்டது. ஆனால் முகம் வீங்கிற்று, தலைமயிர் உதிர்ந்தது, 1955 முதல் இடுப்பெலும்பு கெட்டு, இரு ஊன்றுகோல்களோடு நடந்தார். எலும்பு நலிவு, நீரிழிவு, குருதி அழுத்தம், தொற்று என இம்மருந்து வாங்கும் வட்டி பெரிது. ஆகையால் இன்று நோய் சீறும்போது நிறையக் கொடுத்து, விரைவிலே குறைத்து, நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாமல் நிறுத்துவதே நோக்கம். வட்டிக்கு அஞ்சி நோயாளர் தாமாகத் திடீரென நிறுத்துவது அதனிலும் கொடிது. வெளியிலிருந்து வரும் மருந்தை நம்பிச் சுரப்பி உறங்கிப் போயிருக்கும். மருந்து ஒருநாளில் நின்றால் உடல் தாங்காது, உயிருக்கே ஆபத்தாகும்.

லூப்பஸுக்கு நாளாந்தம் வேண்டப்படும் மருந்தோ வேறிடத்திலிருந்து வந்தது. மலேரியாவுக்குரிய கொயினாவை லூப்பஸ் தோற்படைக்கு 1894இலேயே பேய்ன் என்பார் கொடுத்துப் பார்த்தார். 1951இல் பேஜ் என்பவர், போர்வீரர் மலேரியாவுக்கு உட்கொண்ட மெப்பகிரின் லூப்பஸையும் தணிப்பதை வெளியிட்டார். அவ்வழியில் வந்தது ஹைட்ரொக்சிகுளோரோகுயின். இக்குளிசை ஆய்வுகூடத்தில் ஆக்கப்படுவது. எனினும் அதன் மூதாதை சிங்கோனாப் பட்டையே. அம்மரத்தை வளர்ப்பதற்கென்றே 1861இல் ஹக்கலைப் பூங்கா தொடங்கப்பட்டது என்பதும், கோப்பிச் செடி நோயுற்று அழிந்தபோது மலைநாட்டுத் தோட்டக்காரர் சிறிது காலம் சிங்கோனாவை நம்பியிருந்தனர் என்பதும் இங்கே நினைக்கத்தக்கவை. நோய் மீண்டும் சீறாமல் இக்குளிசை தடுக்கிறது, கருக்காலத்திலும் தொடரலாம். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 5 மில்லிகிராமுக்கு மேற்படாதபடி கொடுத்து, நாட்பட்ட பின் ஆண்டுதோறும் கண்ணைச் சோதித்தல் வேண்டும். 2020இல் கொரோனாவுக்கு இதுவே மருந்து என்ற வதந்தியால் உலகெங்கும் இது தட்டுப்பட்டு, இதனையே நம்பியிருந்த லூப்பஸ் நோயாளர் கடை கடையாக அலைந்தனர்.

முடக்குவாதத்துக்கு முதன்மை மருந்து மெதொட்ரெக்சேற். இது வாரத்துக்கு ஒரு முறை மாத்திரமே உட்கொள்ளப்படுவது. நாள்தோறும் உட்கொண்டு உயிரிழந்தோர் பல நாடுகளில் உண்டு. எந்தக் கிழமை என்பதை எழுத்தில் எழுதிக் குளிசைப் பெட்டியில் ஒட்டுதல் நன்று. கருத்தரிக்க விரும்புவோர் முன்னரே வைத்தியரிடம் கூறி இதனை மாற்றிக்கொள்ளல் வேண்டும். சிறுநீரகத்தைத் தாக்கிய லூப்பஸுக்குச் சைக்குளோபொஸ்பமைட்டும் மைக்கோபினொலேற்றும் உள்ளன. ஸ்கிளீரோடேர்மாவிற் சிறுநீரகம் திடீரெனச் செயலிழப்பது முன்னர் மரண ஓலையாக இருந்தது. கப்டொப்ரில் வகை மருந்துகள் அதனை மாற்றின. 2011இல் பெலிமுமாப், 2021இல் அனிபுரோலுமாப் என்பன லூப்பஸுக்கென்றே வந்தன. விலையோ பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. 2022இல் ஜேர்மனியின் ஏர்லாங்கன் நகரிலே, நோயாளர் ஐவரின் வெண்கலங்களை வெளியே எடுத்து, எதிரிகளை ஆக்கும் கலங்களை அழிக்கும்படி மாற்றி உடலில் மீளச் செலுத்தியபோது, ஐவரும் மருந்தின்றி நோய் தணிந்திருந்தனர். காவலை ஒடுக்கும் மருந்து எதுவாயினும், அதனைத் தொடங்குமுன் மறைந்துள்ள காசநோயும் குடற்புழுவும் உண்டோ எனப் பார்த்துக்கொள்ளல் இந்நாட்டில் இன்றியமையாதது.

1955இல் அமெரிக்காவில் வெளியான ஒரு கணக்கின்படி, லூப்பஸ் எனத் துணியப்பட்டவருள் நான்கு ஆண்டு கடந்து வாழ்ந்தோர் ஏறக்குறையப் பாதிப்பேர். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களிலே ஐந்தாண்டு கடந்து வாழ்வோர் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்.

ஃபிளானரியின் தந்தை நோய் கண்டு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளே வாழ்ந்தார். மகள் வாழ்ந்தது பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல். நோயின் பெயரை அறிந்த பின்னர் அவர் மனம் உடையவில்லை. தமக்குத் தாமே ஊசி ஏற்றிக்கொண்டு, வெயிலுக்கு ஒதுங்கி, தாயின் பண்ணையில் மயில் வளர்த்து, காலை வேளைகளில் எழுதினார். மறைத்த தாயைக் குறை சொல்வது எளிதன்று. ஆனால் சிகிச்சையின் பெரும் பகுதியை நோயாளரே செய்ய வேண்டிய இந்நோயில், அறியாதவரால் அதனைச் செய்ய இயலாது. 1964 பெப்ரவரியிலே வேறொரு காரணத்துக்காகச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பின் லூப்பஸ் மீண்டும் சீறிச் சிறுநீரகங்களைக் கெடுத்தது. வைத்தியசாலைப் படுக்கையிலும் அவர் கதைகளைத் திருத்திக்கொண்டிருந்தார். ஓகஸ்ட் 3ஆந் திகதி, 39ஆவது வயதில் மறைந்தார். அக்கதைகள் அடங்கிய தொகுதி அடுத்த ஆண்டு வெளிவந்தது.